மதிப்பெண் யாருடையது? பாஸ்டன் நகரத்துப் பள்ளிகளின் கதை (1829 - 1855)

கணக்குப் பரீட்சையில் 100க்கு 100 வாங்கியவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. வரலாற்றுப் பாடத்தில் 100க்கு 100 வாங்கியவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! மிகக் குறைவாகத்தான் இருக்கும். கணக்கில் விடை சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. ஆனால் "காரணங்களை விவரி" என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்கு 8 மார்க் என்று போட்டுவிட்டால், என் விடைக்கு 5 ஆ 6 ஆ என்பதை யார் தீர்மானிப்பது? எதை வைத்துத் தீர்மானிப்பது?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல. இதற்கு ஒரு நல்ல வரலாறே இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் நடந்தது. 6ஆம் வகுப்பு, 7ஆம் வகுப்பு, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளின் வயதில் இருந்தவர்கள்தான் இந்தக் கதையில் முக்கியமானவர்கள். வரலாறு, புவியியல், இலக்கணம் ஆகிய பாடங்கள்தான் அவர்கள் எழுதிய பரீட்சையில் இருந்தன. ஆகவே நமக்கு ரொம்பவே நெருக்கமான கதை.

மார்க் இல்லாத காலம்

மதிப்பெண் என்பது ஏதோ பள்ளிக்கூடம் தோன்றிய நாளிலிருந்து இருப்பது போல நமக்குத் தோன்றும். உண்மையில் அது மிகவும் இளையது. அமெரிக்காவில் 1785ல் யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் தன் மாணவர்களை லத்தீன் மொழிப் பெயர்களில் நான்கு தரமாகப் பிரித்துத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இன்று கிடைக்கும் பழைய தரப்பட்டியல்களில் அதுவும் ஒன்று. ஏ, பி, சி என்று எழுத்தில் தரம் போடுவது அதற்கும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1890களில்தான் வருகிறது. மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி 1897ல் ஏற்படுத்திய அட்டவணையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே 75க்குக் கீழே போனால் தோல்வி.

அப்படியானால் 1800களின் தொடக்கத்தில் சிறுபிள்ளைகளின் பள்ளிகளில் என்ன செய்தார்கள்? வாய்மொழித் தேர்வு. ஆண்டுக்கு ஒருமுறை நகரத்துப் பெரிய மனிதர்கள் குழுவாகப் பள்ளிக்கு வருவார்கள். ஆசிரியர் கேள்வி கேட்பார், பிள்ளைகள் எழுந்து நின்று ஒப்பிப்பார்கள். எந்தப் பிள்ளையை எழுப்ப வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது ஆசிரியர் கையில்தான். நம் ஊர் இன்ஸ்பெக்ஷன் நாளை நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வந்தவர்கள் "மிகவும் திருப்தி" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

1829: மெடல் கிடைக்காத மாணவன்

பாஸ்டனில் பிறந்து பிலடெல்பியாவில் புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளினை எல்லோருக்கும் தெரியும். அவர் 1790ல் இறந்தபோது, தான் படித்த பாஸ்டன் நகரத்துப் பள்ளிகளுக்காக 100 பவுண்டு எழுதிவைத்தார். அந்தப் பணத்தின் வட்டியில் ஆண்டுதோறும் நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் தரவேண்டும் என்பது உயில். அந்தப் பதக்கம் வாங்குவது பாஸ்டன் பிள்ளைகளுக்குப் பெரிய கௌரவம்.

1829ல் வில்லியம் கூப்பர் நெல் என்ற 12 வயதுப் பையன் அந்தத் தேர்வில் சிறப்பாகப் பதில் சொன்னான். அவன் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த பள்ளியில். தேர்வு நடத்த வந்தவர்களில் நகர மேயர் ஹாரிசன் கிரே ஓட்டிஸும் ஒருவர். பதக்கம் பெறத் தகுதியானவர்களில் நெல்லும் ஒருவன் என்று முடிவானது.

ஆனால் பதக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாக அவனுக்கும் அந்தப் பள்ளியின் வேறு சில பிள்ளைகளுக்கும் பிராங்க்ளினின் வாழ்க்கை வரலாற்றுப் புத்தகம்தான் கிடைத்தது. வெள்ளையினப் பள்ளிகளில் பதக்கம் பெற்றவர்களுக்கு ஃபனுல் மண்டபத்தில் நகரமே கூடி விருந்து வைத்தது. நெல்லுக்கு அழைப்பும் இல்லை. அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த விருந்தில் பரிமாறும் ஆட்களில் ஒருவனாக உள்ளே போய்விட்டான்! தேர்வு நடத்தியவர்களில் ஒருவர் அவனை அடையாளம் கண்டு, நீயும் இவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியவன்தான் என்ற பொருளில் காதோடு சொன்னாராம். நெல் பெரியவனான பிறகு இதை நினைவுகூர்ந்து, அப்படி நினைத்தவர் அன்று அதற்காக ஏன் எதுவும் செய்யவில்லை என்று கேட்டார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பதில் சரியாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்கும் அது தெரியும். இருந்தும் பரிசு போய்ச் சேரவில்லை. பதில் சொன்ன பையன் யார் என்பதும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

1845: முதல் அச்சிட்ட வினாத்தாள்

அடுத்த காட்சிக்கு 16 ஆண்டுகள் தள்ளி வருவோம். ஹொரேஸ் மான் என்பவர் 1837 முதல் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர். 1843ல் ஐரோப்பா போய்ப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, பிரஷ்யாவில் பிரம்பு இல்லாமலேயே எவ்வளவு அழகாகச் சொல்லித் தருகிறார்கள் என்று ஓர் அறிக்கை எழுதினார். பாஸ்டன் ஆசிரியர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. 31 ஆசிரியர்கள் சேர்ந்து 1844ல் மறுப்பாக ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். மான் விடவில்லை, பதில் எழுதினார். அவர்களும் விடவில்லை :)

இந்தச் சண்டைக்கு நடுவில் மானின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவ் பாஸ்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் பார்வையற்றோர் பள்ளியை நடத்திப் பேர் பெற்ற மருத்துவர். 1845 கோடையில் வழக்கமான ஆண்டுத் தேர்வுக்குப் போன குழுவில் இவரும் இருந்தார். குழு ஒரு புதிய வேலை செய்தது. கேள்விகளை அச்சடித்துக் கொண்டுபோனது. பிள்ளைகள் எழுந்து நின்று ஒப்பிக்க வேண்டாம், எல்லோரும் ஒரே கேள்விக்கு ஒரே அளவு நேரத்தில் தாளில் எழுதட்டும் என்றது. ஒரு பள்ளியின் கேள்வி அடுத்த பள்ளிக்குக் கசிவதற்கு முன் அங்கே போய்ச் சேரவேண்டும் என்று குழுவினர் வேகவேகமாக ஓடினார்கள்.

கிராமர் பள்ளிகள் என்று அழைக்கப்பட்ட அந்தப் பள்ளிகளின் மேல் வகுப்புகளிலிருந்து சுமார் 530 பிள்ளைகள் எழுதினார்கள். அந்தந்தப் பள்ளியின் சிறந்த மாணவர்கள் இவர்கள்தான். வரலாறு, புவியியல், இலக்கணம், சொற்பொருள், இயற்பியல், வானியல் என்று பல பாடங்கள்.

முடிவு வந்தபோது நகரம் அதிர்ந்தது. மொத்தம் 57,873 விடைகள் வந்திருக்க வேண்டும். சரியாக வந்தவை 17,216. அதாவது 30 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் நகரத்தின் மிகச் சிறந்த பிள்ளைகளிடமிருந்து! பள்ளிவாரியாக அட்டவணை போட்டு அச்சிட்டு வெளியிட்டார்கள். சில தலைமையாசிரியர்களின் வேலை போனது. இன்று செய்தித்தாளில் தேர்ச்சி சதவீதம் போட்டுப் பள்ளிகளை வரிசைப்படுத்துகிறார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தின் தாத்தா இதுதான்.

ஹொரேஸ் மானுக்கு மகிழ்ச்சி. எழுத்துத் தேர்வின் நன்மைகளை ஒவ்வொன்றாக அடுக்கித் தன் பத்திரிகையில் எழுதினார். எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஆசிரியர் நடுவில் புகுந்து உதவ முடியாது. தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை. விடை தாளில் நிற்கிறது, யார் வேண்டுமானாலும் பிறகு எடுத்துப் பார்க்கலாம். இந்த வாதங்கள் இன்றும் பொதுத்தேர்வுக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவைதான். நேர்மையாகச் சொன்னால், அவை நல்ல வாதங்களும்கூட. நெல்லுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பெரிய மனிதர்கள் காதோடு பேசி முடிவெடுப்பதைவிடத் தாளில் எழுதிய விடை மேல் அல்லவா?

எம்பார்கோ என்றால் என்ன?

அந்த வரலாற்று வினாத்தாளில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. 1807ல் அமெரிக்க அதிபர் ஜெபர்சன் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகக் கூடாது என்ற தடை. அதற்கு எம்பார்கோ என்று பெயர். பாஸ்டன் துறைமுக நகரம். அந்தத் தடையால் அங்கே எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பே கெட்டது. தாத்தா பாட்டிகள் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள்.

பிள்ளைகளில் பலருக்கு எம்பார்கோ எந்த ஆண்டு வந்தது என்று தெரிந்திருந்தது. ஆனால் எம்பார்கோ என்றால் என்ன என்று கேட்டபோது விழித்தார்கள். ஆண்டு தெரியும், பொருள் தெரியாது! தேர்வுக் குழு இதைச் சுட்டிக்காட்டிக் குறைபட்டது. புத்தகத்தின் சொற்கள் மனத்தில் ஏறியிருக்கின்றன, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் விஷயம் ஏறவில்லை என்பதுதான் குறை.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியுமா? வாய்மொழித் தேர்வில் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒப்பிப்பதுதான். ஒப்பித்தால் பாராட்டு, தடுமாறினால் பிரம்பு. அவர்கள் எதிர்பார்த்ததைச் செய்தார்கள். திடீரென்று ஒரு நாள் வேறொருவர் வந்து வேறொன்றை எதிர்பார்த்தார். மார்க் 30க்கு இறங்கிவிட்டது. அந்த 30ல் எவ்வளவு பிள்ளையின் மார்க், எவ்வளவு ஆசிரியரின் மார்க்?

நம் சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பிளாசிப் போர் நடைபெற்ற ஆண்டு?" என்றால் 1757 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். "திவானி உரிமை என்றால் என்ன, அது கிடைத்ததால் கம்பெனிக்கு என்ன லாபம்?" என்று கேட்டால் எத்தனை பேர் நோட்ஸைப் பார்க்காமல் சொல்வோம்? 180 ஆண்டுகள் ஆகியும் எம்பார்கோ பிரச்சினை தீரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அட்டவணையின் கடைசி வரிசை

இனிதான் கதையின் முக்கியமான இடம். 1845 அட்டவணையில் மிகத் தாழ்ந்த நிலையில் இருந்த பள்ளிகளில் ஸ்மித் பள்ளியும் ஒன்று. நெல் படித்த தேவாலய அடித்தளப் பள்ளியின் வாரிசு அது. 1835 முதல் தனிக் கட்டடத்தில் நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரே கிராமர் பள்ளி.

அட்டவணையை மட்டும் பார்த்தவர் என்ன நினைத்திருப்பார்? எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம், தயவு தாட்சண்யம் இல்லை. ஆகவே இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது. எண் சொல்லிவிட்டதே!

ஆனால் அந்தத் தேர்வுக்கு முந்தைய ஆண்டே, 1844ல், அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பள்ளிக் குழுவிடம் புகார் கொடுத்திருந்தார்கள். தலைமையாசிரியர் பிள்ளைகளைக் கொடூரமாக அடிக்கிறார் என்பது ஒரு புகார். கறுப்பினப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைவு என்று அவர் கருதுகிறார் என்பது இன்னொன்று. பள்ளியே தனியாக இருக்கக் கூடாது, எங்கள் பிள்ளைகளை அவரவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேருங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. அந்தப் பள்ளியின் முற்றம் மிகச் சிறியது, கற்பிக்கும் கருவிகள் உடைந்து கிடக்கின்றன என்று நகரத்தின் சொந்தக் குழுவினரே அந்த ஆண்டுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிள்ளைக்குப் படிப்பு வராது என்று நம்பும் ஆசிரியர், உடைந்த கருவிகள், பிரம்பு. இவற்றோடு ஆண்டு முழுவதும் படித்த பிள்ளையின் முன்னால் ஒரு நாள் அச்சடித்த வினாத்தாளை வைக்கிறார்கள். வினாத்தாள் நேர்மையானதுதான். அதற்கு முன்பு நடந்த எதுவும் நேர்மையானதல்ல. அந்த மதிப்பெண் பிள்ளையின் தலையில் எழுதப்பட்டது. உண்மையில் அது யாருடையது?

பெற்றோர்கள் கணக்கைத் திருத்தினார்கள்

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அந்தப் பெற்றோர்கள் அட்டவணையை ஏற்றுக்கொண்டு தலைகுனிந்து போகவில்லை என்பதுதான். மனு மேல் மனு போட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் யார் தெரியுமா? பதக்கம் கிடைக்காத அதே வில்லியம் கூப்பர் நெல்!

பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்ற அச்சகத்தார் தன் சிறுமகள் சாராவுக்காக நீதிமன்றம் போனார். அந்தக் குழந்தை ஸ்மித் பள்ளிக்குப் போகும் வழியில் வெள்ளையினப் பிள்ளைகளுக்கான ஐந்து ஆரம்பப் பள்ளிகளைத் தாண்டிப் போகவேண்டும். 1849ல் சார்லஸ் சம்னரும், அமெரிக்காவின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களில் ஒருவரான ராபர்ட் மோரிஸும் அவளுக்காக வாதாடினார்கள். 1850ல் தீர்ப்பு எதிராக வந்தது. தனிப் பள்ளி வைப்பது பள்ளிக் குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்றார் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா. 1896ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பாகுபாட்டை அனுமதித்த பிளெஸ்ஸி வழக்கில் இந்தத் தீர்ப்பும் மேற்கோள் காட்டப்பட்டது. 1954ல் பிரவுன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்றது.

ஆனால் பாஸ்டன் பெற்றோர்கள் 1954 வரை காத்திருக்கவில்லை. பிள்ளைகளை ஸ்மித் பள்ளிக்கு அனுப்பாமல் புறக்கணித்தார்கள். மாநிலச் சட்டமன்றத்துக்கு மனுக்களைக் குவித்தார்கள். 1855 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஸ்மித் பள்ளி மூடப்பட்டது. அந்த ஆண்டு இறுதியில் நகரத்துக் கறுப்பின மக்கள் கூடி நெல்லுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். 1829ன் பதக்கக் கதையை அவர் விவரமாகச் சொன்னது அந்த விழாவில்தான். 26 ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்திருக்கிறார்.

இன்னொரு செய்தி. அதே 1855ல் நெல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பங்கேற்ற கறுப்பின வீரர்களைப் பற்றிய வரலாறு. கறுப்பினத்தவர் எழுதிய முதல் அமெரிக்க வரலாற்று நூல்களில் அதற்கு முக்கிய இடம் உண்டு. பள்ளியில் பதக்கம் மறுக்கப்பட்ட பையன் வரலாற்றாசிரியன் ஆகிவிட்டான்! ஸ்மித் பள்ளிக் கட்டடமும் இன்று ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் பகுதி.

விடைத்தாள் ஒன்று, மார்க் பல

"சரி, அது இனவெறிக் காலம். அதை விட்டுவிட்டால் எழுத்துத் தேர்வின் மார்க் நம்பகமானதுதானே?" என்று கேட்கலாம். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1912ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் இரண்டு ஆங்கில விடைத்தாள்களை அப்படியே நகலெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 பள்ளிகளிலிருந்து திருத்திய தாள்கள் வந்தன. ஒரே தாளுக்கு 64 முதல் 98 வரை மார்க். இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை! ஆங்கிலம் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் 28 முதல் 90க்கு மேல் வரை போனது. எழுத்துச் சுத்தம், வழிமுறை என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றை எதிர்பார்த்தார்கள். வரலாற்றுத் தாளிலும் அதே கதைதான்.

நம் நாட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்டது. இந்தியப் பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகிய விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி ஒட்டி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று முகப்பில் இருந்த தாள்களுக்குச் சராசரியாகச் சற்றுக் குறைவான மார்க் கிடைத்தது. வித்தியாசம் சிறியதுதான், பெரிதாக ஊதக் கூடாது. ஆனால் உள்ளே இருந்த விடைக்கும் முகப்பில் இருந்த பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. பொதுத்தேர்வில் நம் பெயரை மறைத்து எண் போட்டுத் திருத்தக் கொடுக்கிறார்களே, அந்தச் சின்ன ஏற்பாட்டின் மதிப்பு இங்கேதான் புரிகிறது.

அப்படியானால் மார்க்கே வேண்டாமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. மார்க்கே இல்லாத 1829ல்தான் நெல் ஏமாற்றப்பட்டார். எழுதிய விடை, ஒரே கேள்வி, மறைத்த பெயர் இவை எல்லாம் பலவீனமானவர்களுக்குப் பாதுகாப்பு. அதை விட்டுவிடக் கூடாது.

ஆனால் மார்க் என்பது தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைப் போன்றதல்ல என்பதையும் பாஸ்டன் கதை காட்டுகிறது. எதை எதிர்பார்க்கிறோம் என்று ஒருவர் முன்பே முடிவு செய்கிறார். அந்த எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி ஆண்டு முழுவதும் சொல்லித் தருகிறார், அல்லது தராமல் விடுகிறார். கடைசியில் வருகிற எண்ணை மட்டும் மாணவன் தலையில் எழுதிவிடுகிறோம். ஆண்டை எதிர்பார்த்தால் ஆண்டு வரும். அர்த்தத்தை எதிர்பார்த்தால் அர்த்தம் வரும். ஒன்றுமே எதிர்பார்க்காவிட்டால் ஸ்மித் பள்ளியின் அட்டவணை வரும்.

ஆகவே வரலாற்றுப் பாடத்தில் எனக்கு ஆசிரியர்களிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் உண்டு. 8 மார்க் கேள்விக்கு எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பரீட்சைக்குப் பிறகு சொல்லாமல் முன்பே சொல்லுங்கள். எல்லோரிடமும் அதையே எதிர்பாருங்கள், கடைசி பெஞ்சில் இருப்பவரிடமும். மாணவர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஒரு ஆண்டை மனப்பாடம் செய்யும்போது "எம்பார்கோ என்றால் என்ன?" என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

உங்கள் பள்ளியில் வரலாற்றுத் தாளை எப்படித் திருத்தினார்கள்? சொல்லுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.